கருவி இருக்கட்டும், பிள்ளை பேசட்டும்

தமிழாசிரியர் ஆகப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் சிங்கப்பூரில் எனக்கு இரண்டு கேள்விகள் வரும். பெரியவர்கள், "இப்பப் பிள்ளைங்க தமிழ் பேசுதுங்களாம்மா?" என்பார்கள். என் வயதுக்காரர்கள், "அதான் ஏஐ வந்துடுச்சே, இனி டீச்சருக்கு என்ன வேலை?" என்பார்கள். தேசியக் கல்விக் கழகத்தில் பாடம் படித்து, பள்ளிகளுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து வகுப்புகளைப் பார்த்த பிறகு, முதல் கேள்விக்குப் பதில் தேடினால் இரண்டாவதற்கும் பதில் கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலவரம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் 36.7 விழுக்காட்டினர் வீட்டில் அதிகமாகப் பேசிய மொழி தமிழ். 2020இல் அது 27.2 விழுக்காடாக இறங்கிவிட்டது. ஆங்கிலம் 41.6இலிருந்து 59.2க்கு ஏறிவிட்டது. இந்தியர்கள் எல்லோரும் தமிழர் அல்லர், உண்மைதான். ஆனாலும் பத்தே ஆண்டில் இவ்வளவு சரிவு என்றால், நாளை என் முன்னால் உட்காரப்போகிற பிள்ளைகளில் பலருக்கும் தமிழ் காதில் விழுகிற ஒரே இடம் என் வகுப்பாக இருக்கலாம்.

ஒரு கணக்குப் போடுங்கள். அரைமணி நேரப் பாடவேளை, 25 பிள்ளைகள். ஆசிரியர் வாயே திறக்காமல் நின்றாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு நிமிடமும் சில விநாடிகளும்தான். ஆசிரியர் வாயைத் திறந்துவிட்டால் அதுவும் இல்லை. அதனால் எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது வந்தபின் பிள்ளை தன் வாயால் பேசுகிற நேரமும் தன் கையால் எழுதுகிற நேரமும் கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் வரட்டும். குறைந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

கூடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் பார்வையிடப் போன ஒரு தொடக்கநிலை வகுப்பில் ஒரு சிறுமி. கேட்டால் தலையாட்டுவாள், சிரிப்பாள், வாயைத் திறக்கமாட்டாள். அந்த வாரம் வீட்டுப்பாடம், "உங்கள் வீட்டுச் சமையலறையில் என்ன நடக்கிறது என்று பேசிப் பதிவுசெய்து அனுப்புங்கள்" என்பது. நம் பள்ளிகளில் எஸ்எல்எஸ் என்கிற கற்றல் தளம் 2018 முதல் இருக்கிறதல்லவா, அதில் குரல்பதிவை ஏற்றலாம். அவளுடைய பதிவை வகுப்பாசிரியர் எனக்குப் போட்டுக் காட்டினார். பின்னணியில் தாளிக்கும் சத்தம். "பாட்டி கடுகு... கடுகு போடு..." என்று தயங்குகிறாள். தூரத்திலிருந்து ஒரு முதிய குரல், "போடுறாங்கன்னு சொல்லு கண்ணு." உடனே, "பாட்டி கடுகு போடுறாங்க. அது வெடிக்குது!" என்று கூவுகிறாள். வகுப்பில் அவளிடமிருந்து அத்தனை வார்த்தைகளை யாரும் கேட்டதில்லையாம். நாற்பது கண்கள் பார்க்காத இடத்தில், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம் என்ற தைரியத்தில் பேசியிருக்கிறாள். அந்தப் பாட்டியும் சம்பளம் வாங்காத துணையாசிரியராக வகுப்புக்குள் வந்துவிட்டார்.

இப்படிப்பட்ட தொழில்நுட்பத்துக்கு நான் கைதட்டுவேன். 2017 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வில் படத்துக்குப் பதிலாகக் காணொளியைக் காட்டிப் பேசவைக்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். திரை சிறிது நேரம் ஓடி நிற்கிறது. அதன்பின் பேச்சு தேர்வாளருக்கும் பிள்ளைக்கும் நடுவில்.

இனி மறுபக்கம். ஓர் உயர்நிலை வகுப்பில் மடிக்கணினியில் கட்டுரை எழுதினார்கள். ஒரு மாணவன் ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துத் தட்டுகிறான்: பி, ஏ, இசட், எச்... முடிப்பதற்குள் கீழே 'பழம்' என்று வந்து நிற்கிறது. அதைத் தொட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறான். வேகமான, பிழையில்லாத, அழகான கட்டுரை. வகுப்பு முடிந்ததும் அவனோடு பேசிக்கொண்டே, அதே வாக்கியத்தைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். "டீச்சர், எந்த 'ல'?" அவன் மக்கு இல்லை, நன்றாகப் பேசுகிற பையன். லகர, ளகர, ழகரங்களில் எது என்று தீர்மானிக்கிற வேலையை இத்தனை நாளும் கருவி அவனுக்காகச் செய்துவந்திருக்கிறது. அவன் செய்ததெல்லாம் வந்த சொல்லை அடையாளம் கண்டு தொட்டது மட்டும். அடையாளம் காண்பது வேறு, உருவாக்குவது வேறு.

இதற்குத் தீர்வு கணினியைத் தூக்கி எறிவது அல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தமிழ்99 விசைப்பலகையில் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுகள் போதும். இரண்டு ம அடுத்தடுத்து வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். பந்து, நண்டு, கன்று போன்ற சொற்களில் வரும் இன எழுத்துகளுக்கும் அப்படியே. உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று கரும்பலகையில் நாம் மூச்சுமுட்ட விளக்குவதை விரல் தானாகவே செய்கிறது. ழகரத்துக்குத் தனி விசை, ளகரத்துக்குத் தனி விசை. எது வேண்டும் என்று பிள்ளைதான் முடிவெடுக்க வேண்டும். அதே கணினி, அதே பையன், ஆனால் யோசிப்பது யார் என்பது மாறிவிடுகிறது. பழக நாளாகும் என்பார்கள். ஆகட்டுமே. எழுத்துக் கற்கவும்தான் நாளாகிறது.

அந்த விசைப்பலகை வந்த வழியில் நம்மூருக்கும் பங்கு உண்டு. நான் இப்போது படிக்கிற தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். கணினிப் பொறியாளராகப் படித்து வந்தவர் அல்லர். தமிழ் கற்பிக்க வந்தவர். இணையம் என்ற சொல்லே பலருக்கும் புதிதாக இருந்த காலத்தில், கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினரோடு சேர்ந்து உழைத்தார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தாங்கிய இணையத்தளத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தபோது, ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் தமிழும் திரையில் ஏறி நின்றது. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. 1999இல் சென்னையில் அடுத்த மாநாடு. தமிழ்99 அங்கேதான் தரமாக உருவெடுத்தது. அதே ஆண்டு மே மாதம், 53 வயதில், கோவிந்தசாமி காலமானார். 2000இல் மாநாடு மறுபடி சிங்கப்பூரில் கூடியபோது, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் பிறந்தது. கடல் கடந்து மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை வளர்த்தார்; கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்த அவருடைய செல்லினம் 2005 பொங்கலுக்குச் சிங்கப்பூரில்தான் வெளிவந்தது.

நம் கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பத்துக்கான முதல் பெருந்திட்டத்தை அறிவித்ததும் அந்த முதல் மாநாடு கூடிய அதே 1997இல்தான். இரண்டு மாணவருக்கு ஒரு கணினி, பாடநேரத்தில் 30 விழுக்காடு கணினிவழி என்பது இலக்கு. யோசித்துப் பாருங்கள், அந்தக் கணினிகள் பள்ளிக்கு வந்து இறங்கியபோது அவற்றில் தமிழ் தெரியாமல் போயிருந்தால்? தமிழ் வகுப்பு மட்டும் வெறும் சுண்ணக்கட்டியோடு நின்றிருக்கும். பிள்ளைகள் அதைப் பழங்காலத்துப் பாடம் என்று முடிவுகட்டியிருப்பார்கள். கருவி தமிழைக் கற்றுக்கொள்ளும்வரை கைகட்டிக் காத்திருக்காமல், கருவிக்கே தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் நமக்கு முன்னால் இருந்திருக்கிறார். நூலகத்துக்குப் போகிற வழியெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன். அவரைப் பற்றி ஒரு பாடம் நம் உயர்நிலைப் பாடநூலில் கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி.

கருவி மட்டும் போதாது என்று எனக்குக் காட்டிய நாள்களும் உண்டு. 2020 ஏப்ரல் 8. கொவிட் பரவலால் பள்ளிகள் முழுவதுமாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறிய நாள். நான் அப்போது தொடக்கக் கல்லூரி மாணவி, தம்பி தொடக்கப்பள்ளியில். இரண்டே நாளில், ஓர் இணைய வகுப்புக்குள் வெளியார் புகுந்து ஆபாசப் படம் காட்டிய சம்பவத்துக்குப் பிறகு, ஜூம் பயன்பாட்டை அமைச்சு சில நாள் நிறுத்திவைத்தது. அந்தச் சில நாளில் தம்பியின் தமிழாசிரியை செய்ததை நான் மறக்கமாட்டேன். வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தார். "பத்தாம் பக்கத்தை எடு. வாசி, நான் கேக்குறேன்" என்றார். அவன் வாசித்தான். திருத்தினார். அடுத்த பிள்ளையை அழைக்கப் போய்விட்டார். எங்கள் கூடத்தில் நடந்த அத்தனை இணையப் பாடங்களிலும் அவன் முழுக் கவனத்தோடு இருந்தது அந்தச் சில நிமிடங்களில்தான் என்று அம்மா இன்றும் சொல்வார்.

தமிழ்நாட்டிலும் கதை இப்படித்தான் போயிற்று. கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீடுதோறும் கொண்டுபோனது, பெரிய உதவி. ஆனாலும் பள்ளி மூடியிருந்த காலத்து இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் அவர்கள் தொடங்கியது இல்லம் தேடிக் கல்வி. தெருத் தெருவாகத் தன்னார்வலர்கள் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். திரைக்குப் பின்னால் ஆள் வேண்டியிருந்தது.

கொவிட் காலம் நமக்குக் கொடுத்த இன்னொன்று, ஆளுக்கொரு கற்றல் சாதனம். 2028க்குள் என்றிருந்த திட்டத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, 2021 இறுதிக்குள் எல்லா உயர்நிலை மாணவர் கையிலும் மடிக்கணினியோ கைக்கணினியோ கொடுத்துவிட்டார்கள். வசதியுள்ள வீடு, வசதி குறைந்த வீடு என்ற இடைவெளியைக் குறைத்ததற்காக இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் 2024 ஆகஸ்டில் நடந்ததையும் ஆசிரியராகப்போகிறவள் மறக்கக்கூடாது. அந்தச் சாதனங்களைக் கட்டுப்படுத்த வைத்திருந்த மொபைல் கார்டியன் செயலியை எங்கிருந்தோ ஊடுருவினார்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்ததெல்லாம் ஒரே இரவில் துடைத்தெடுக்கப்பட்டது. தேர்வுக்குத் தயாராகும் நேரம். சேமிப்புப் பிரதி இல்லாதவர்களின் குறிப்புகள் போயின. அமைச்சு அந்தச் செயலியையே எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கிவிட்டது. செய்தியைப் படித்த அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன்: என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் இருக்கும். புதுச்சொல், பழமொழி, தன் பிழை, தன் திருத்தம் எல்லாம் அதில் கையால். அதை யாராலும் தொலைவிலிருந்து அழிக்கமுடியாது.

கைப்பேசி விவகாரத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளிலும் பள்ளி நேரம் முழுக்க, இடைவேளையில்கூட, கைப்பேசிக்கும் திறன்கடிகாரத்துக்கும் இடமில்லை. நல்லது. இடைவேளையில் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால்தானே பேச்சு வரும்? அதற்காக, காகிதப் பாடநூலுக்குத் திரும்ப 2023 முதல் பணம் ஒதுக்குகிற சுவீடனைப் போல நாம் போகவேண்டியதில்லை. நமக்கு அந்தக் குரல்பதிவு வேண்டும், காணொளி வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன், நண்பர்கள் கேட்ட கேள்விக்கு. சிங்கப்பூரில் உருவான சீ-லயன் மொழி மாதிரிக்குத் தெரிந்த மொழிகளில் தமிழும் ஒன்று என்பது எனக்குப் பெருமை. நான் அதை எங்கே வைப்பேன் என்றால், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், என் மேசையில். ஒரே பகுதியை எளிதாகவும் நடுத்தரமாகவும் கடினமாகவும் எழுதிப் பார்க்க, வினாக்களுக்கு முதல் வரைவு போட, எனக்கு மணிக்கணக்கில் நேரம் மிஞ்சும். மிஞ்சிய நேரத்தைப் பிள்ளைகளோடு பேசுவதில் செலவழிப்பேன். ஆனால் பிள்ளையின் முதல் வரைவில் அது கைவைக்கக்கூடாது. 'மறக்கமுடியாத நாள்' பற்றிக் கருவி எழுதித் தருகிற கட்டுரையில் பிழை இருக்காது. அந்தப் பிள்ளையின் பாட்டியும் இருக்கமாட்டார்.

இன்னொன்றும் கவனித்தேன். கருவியிடம் பேசச் சொன்னால் பெரும்பாலும் 'நான் செல்கிறேன்' என்கிறது. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. புத்தகத் தமிழ் மட்டும் கற்ற பிள்ளை கடைக்குப் போய் வாயடைத்து நிற்கிறது என்று உணர்ந்துதான் 2005ஆம் ஆண்டுத் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. போராடிப் பெற்ற அந்த 'போறேன், வர்றேன்' எல்லாம் கருவியின் செந்தமிழுக்கு முன்னால் தப்பாகிவிடக்கூடாது. ஆசிரியருக்கு என்ன வேலை என்றால், இதைப் பார்த்துக்கொள்வது ஒரு முழுநேர வேலை.

கடைசியாக லிட்டில் இந்தியா. கற்றல் பயணம் ஒன்றுக்கு உதவியாளாகப் போயிருந்தேன். பிள்ளைகள் கையில் கைக்கணினி. பஃபலோ ரோட்டிலிருந்து தேக்கா நிலையம், செராங்கூன் சாலை, கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம்வரை நடக்கவேண்டும். தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் படம்பிடிக்க வேண்டும். கேள்விகளுக்கு விடையை ஏற்ற வேண்டும். கச்சிதமாக முடித்தார்கள். நான் ஒன்றைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தமிழ் புழங்குகிற தெரு, இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிற மனிதர்கள். ஒரு பிள்ளைகூட ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் எடுத்தார்கள், ஏற்றினார்கள், நடந்தார்கள்.

நேரம் மிச்சமிருந்தது. ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு சிறு குழுவைப் பூக்கடைக்குக் கூட்டிப்போனேன். "தெரியாத பூ மூணு, பேரு கேட்டுட்டு வாங்க." ஒரு பையன் முன்னால் போனான். 'எக்ஸ்கியூஸ் மி ஆன்ட்டி' என்று ஆரம்பித்து ஆங்கிலத்திலேயே கேட்டான். கடைக்கார அக்காவும் அன்பாக ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். நான் பின்னாலிருந்து, "அக்கா, தமிழ்ல கேப்பான், கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவர் கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தார். அவன் நெளிந்தான், நண்பனைப் பார்த்தான். அவர் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, இந்தப் பூ... பேரு என்ன?" என்றான்.

"சம்பங்கி. மோந்து பாரு." நீட்டினார். அவன் மோந்து பார்த்தான். "எந்த ஸ்கூல் தம்பி? வீட்ல சாமிக்கு என்ன பூ வாங்குவீங்க?" அவ்வளவுதான், மற்றவர்கள் எல்லோரும் உள்ளே நுழைந்துவிட்டார்கள். அக்காவைக் கேட்டுக்கொண்டு இந்த உரையாடலைக் கைக்கணினியில் பதிவுசெய்தோம். மறுவாரம் வகுப்பில் போட்டார்கள். 'மோந்து பாரு' என்பதைப் பல பிள்ளைகள் அன்றுதான் முதல்முறை கேட்டார்கள். நாள் முழுக்க ஒருவரை ஒருவர் மோந்து பார்க்கச் சொல்லித் திரிந்தார்களாம். பலகைகளைப் படம்பிடித்ததும் அதே கைக்கணினிதான், இந்தப் பேச்சைப் பிடித்ததும் அதேதான். நாம் கொடுத்த வேலைதான் வேறு.

அந்தக் கடைக்காரர் காத்திருந்தாரே, அதை எந்தப் பயிற்சிக் கழகமும் கற்றுக்கொடுக்க முடியாது, எந்தச் செயலியும் செய்துதர முடியாது. அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தேக்காவில் கடை வைத்திருக்கலாம், உணவங்காடியில் தேநீர் ஆற்றலாம், பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம், அந்தப் பிள்ளையின் மாமாவாகவோ சித்தியாகவோ இருக்கலாம். பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை வந்து உங்களிடம் தட்டுத்தடுமாறித் தமிழில் ஏதாவது கேட்டால், பாவம் என்று நினைத்து ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள். சிரிக்காதீர்கள். அது வாக்கியத்தை முடிக்கும்வரை பொறுத்திருந்து, தமிழிலேயே பதில் சொல்லுங்கள்.